துணைக்கு வந்தவளின் ரத்தம்

ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டிய கட்டுரையை முப்பத்துமூன்று வயதில் எழுதுகிறேன். காரணம் என் கழுத்து. பதினோரு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தே இருந்ததில் கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் தேய்ந்துவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு எத்தன வயசும்மா? கழுத்துக்கு அறுபதுல்லா ஆவுது" என்றார். ஆக, ஓய்வு பெற்றது என் கழுத்து. நான் அதன் துணைக்கு வீட்டுக்கு வந்தவள்.

வந்த ஆறாம் மாதம் ஆய்வகத்துக்கு ஒரு புது எந்திரம் வந்திருக்கிறது. ரத்தக் குழாயை ஒரு பக்கம் வைத்தால் இன்னொரு பக்கம் எல்லா அணுக்களின் கணக்கும் தாளில் அச்சாகி வருமாம். என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "எக்கா, நீங்கல்லாம் கண்ணால எண்ணுன காலத்தப் பத்தி ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க" என்றார்கள். ஆதிச்சநல்லூர்ப் பானையைப் பார்க்கிறவர்களின் மரியாதை அந்தக் குரலில் இருந்தது. பானைக்கும் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று ஒத்துக்கொண்டேன்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு வருஷம். கற்றவை மூன்று. ஊசியை நரம்பைப் பார்த்துக் குத்த வேண்டும், முகத்தைப் பார்த்துக் குத்தக் கூடாது. சீட்டு ஒட்டாத குழாயில் இருப்பது யாருடைய ரத்தமும் இல்லை. எண்ணுவது என்றால் நூறு எண்ண வேண்டும். மூன்றாவதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மறக்கச் சொன்னார்கள்.

சேர்ந்தது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், இன்னும் அங்கே மருந்து வாங்கப் போகிறேன். ஆய்வகத் தலைவரை நாங்கள் சார் என்போம். அவரும் தன்னைச் சார் என்றுதான் சொல்லிக்கொள்வார். "சார் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்." பத்தேகாலுக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மைக்ரோஸ்கோப்பின் இடப்பக்கம் வைப்பார். மடித்த கைக்குட்டையை எடுத்து லென்ஸைத் துடைப்பார். அதற்கு முன்பே நான் லென்ஸ் தாளால் துடைத்து வைத்திருப்பேன்; அவர் துடைத்ததால் மறுபடியும் துடைக்க வேண்டியிருக்கும். ஸ்லைடில் பத்து அணு எண்ணுவார். பக்கத்தில் ஒரு சைபர் சேர்ப்பார். கையெழுத்துப் போடுவார். இதனால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த யாருக்கும் முப்பத்தேழு சதவீதம் எதுவும் இருந்ததில்லை. ஒன்று முப்பது, இல்லாவிட்டால் நாற்பது. திருநெல்வேலிக்காரர்களின் உடம்பு முழு எண்களில்தான் நோய்ப்படும்.

எதிர்பாராத எதைக் கண்டாலும் அவருடைய தீர்ப்பு ஒன்றுதான். "சாயம் கெட்டுப்போச்சு." ஒருமுறை ரத்தப் புற்று இருந்த ஒருவரின் ஸ்லைடையே அப்படித் திருப்பி அனுப்பினார். இரண்டு தடவை புதுச் சாயம் வாங்கிய பிறகுதான் அந்த நோய்க்கு எங்கள் ஆய்வகத்தில் அனுமதி கிடைத்தது.

அவர் விவரம் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். ஸ்லைடைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்தே, இழுத்தவள் அவசரப்பட்டாளா இல்லையா என்று சொல்லிவிடுவார். ரத்தத்தைக் கண்ணாடியில் நாக்கு வடிவத்தில் இழுக்க நான் அவரிடம்தான் கற்றேன். அவரிடம் இருந்தது சோம்பல். நிறையப் படித்த சோம்பல், அதனால் அதற்கு எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

அடுத்து, எங்கள் ஆய்வகத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

சில பரிசோதனைகளில் நோயாளியின் ரத்தத்தோடு, நலமாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதே சாயம், அதே சூடு, அதே நேரம். நலமானவரின் ரத்தம் ஒழுங்காகச் சாயம் பிடித்தால்தான் நோயாளியின் ரத்தத்தில் பிடிக்காததற்கு அர்த்தம் உண்டு. இதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். விதிப்படி ஆய்வக ஊழியர் ஒருவர் விரலை நீட்ட வேண்டும். எங்கள் ஊழியர்களில் ஒருத்திக்கு எந்நாளும் விரதம். ஒருவருக்கு எந்நாளும் முந்தின நாள்தான் காய்ச்சல் விட்டிருக்கும். சார், தான் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதால் 'நார்மல் இல்லை' என்று தனக்குத் தானே சான்று கொடுத்திருந்தார். நான் நீட்டினால், "எண்ணுறவளே கொடுக்கக் கூடாதும்மா" என்று அந்த நிமிஷத்தில் ஒரு விதி பிறக்கும்.

எனவே அட்டெண்டர் இசக்கி அண்ணாச்சி கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "துணைக்கு வந்தது யாரு? உள்ள வந்து கைய நீட்டணும்!"

தகப்பன்மார் சரியாக அந்த நேரம் டீக்கடையில் இருப்பார்கள். வராந்தாவில் மாட்டிக்கொண்டவர்கள், "நான் பாரம் தூக்குதவன் அண்ணாச்சி, ரத்தம் எடுத்தா சரிப்படுமா?" என்பார்கள். எடுப்பது இரண்டு சொட்டு. கடைசியில் மிஞ்சுவது தாய். முந்தின இரவு முழுக்க விழித்திருந்தவள், காலையில் எதுவும் சாப்பிடாதவள், கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தால் சுண்ணாம்பாக வெளுத்திருப்பவள். இந்த ஜில்லாவின் ஆரோக்கியத்துக்குப் பல வருஷம் நாங்கள் வைத்திருந்த அளவுகோல் அவள்தான். 'நார்மல்' என்ற சொல்லை இப்போதும் எங்கேயாவது படித்தால் எனக்கு அந்த வெளுத்த இமைதான் ஞாபகம் வருகிறது.

குழந்தைகள் வார்டுக்கு ஒரு டாக்டரம்மா புதிதாக வந்தார். இளவயது. கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் உள்ளவர், அதனால் வார்டில் அவரை யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலை ஆய்வகத்துக்கே வந்து ஒரு கேஸ் ஷீட்டை என் மேஜையில் வைத்தார்.

களக்காட்டுப் பக்கத்துப் பையன், முத்துக்குமார், நாலு வயது. தகப்பன் லாரியில் வாழைத்தார் ஏற்றுகிறவர். பையனுக்கு வந்தவற்றை வரிசையாக எழுதிக்கொண்டேன். பிறந்ததும் போட்ட காசநோய்த் தடுப்பூசிக்கு அக்குளில் நெறிகட்டிச் சீழ் வைத்தது. கழுத்தில் கட்டி, இரண்டு முறை கீறியது. ஆசனவாய் ஓரம் கட்டி, மூன்று முறை. காசநோய் என்று சந்தேகப்பட்டு ஆறு மாத மாத்திரை, இரண்டு தடவை. இப்போது ஈரலில் சீழ். ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு டாக்டர் இருந்தார். எல்லாக் கட்டிக்கும் சேர்த்து ஒரு டாக்டர் இருந்ததில்லை.

"வெள்ளையணு எத்தனை இருக்குன்னு பாருங்க," என்றார் டாக்டரம்மா.

"இருபத்திரண்டாயிரம். நிறையத்தான் இருக்கு."

"படை நிறையப் போகுது. கிருமி சாகலை. போய் என்னதான் செய்யுது அங்க?"

வெள்ளையணு என்ன செய்யும் என்பதை எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன். கிருமியை விழுங்கியதும் அதைக் கொல்ல அது ஒருவகை ஆக்சிஜன் நஞ்சைத் தயாரிக்கும். தயாரிப்பது ஒரு என்சைம். பாடப்புத்தகத்தில் நொதி என்றிருக்கும். இந்த என்சைம் சும்மா இருக்கிற நேரத்தில் முழுசாக இருக்காது. நஞ்சு எந்நேரமும் ஊறினால் அணுவே வெந்துவிடும் அல்லவா? அதனால் பாகம் பாகமாகப் பிரிந்து கிடக்கும். சில பாகங்கள் அணுவின் மேல்தோலில், சில பாகங்கள் உள்ளே. கிருமி வந்து தொட்டதும் மேலிருந்து உள்ளே செய்தி போகும். செய்தி கொண்டுபோவதும் வேறு சில என்சைம்கள்தான். அவை உள்ளே கிடக்கும் பாகங்களின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்தும். முத்திரை விழுந்ததும் அவை எழுந்து மேல்தோலுக்குப் போய் அங்கிருப்பதோடு சேரும். என்சைம் முழுதாகும், நஞ்சு பாயும். மொத்த வேலையும் சில நிமிஷம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டில் முத்திரை விழுந்து அடுத்த அறைக்குப் போக ஒன்றரை நாள் ஆகும் என்பதால், எனக்கு அந்த அணுவின் மேல் பெரிய மதிப்பு உண்டு.

"இந்தப் பையனுக்குச் செய்தி போகுது, முத்திரை விழுது, பாகமெல்லாம் கிளம்பி மேல போகுதுன்னு வச்சுக்கோங்க," என்றார் டாக்டரம்மா. "அதுக போய் உக்கார வேண்டிய நாற்காலியே அங்க இல்லைன்னா?"

அதைக் கண்டுபிடிக்க ஒரு மஞ்சள் சாயம் உண்டு. நஞ்சு உண்டாகிற அணுவுக்குள் அது கருநீலமாக மாறிப் படியும். உண்டாகாத அணுவில் எதுவும் படியாது. தான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியையும், அணுவை உசுப்பிவிடுகிற மருந்து ஒரு சின்னக் குப்பியையும் ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் வாங்கி வந்திருந்தார். உசுப்பு மருந்து, பேதிக்குக் கொடுக்கிற நேர்வாள எண்ணெயிலிருந்து பிரித்தது. மனுஷனுக்கு நேர்வாளம் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளையணுவுக்கும் ஏறக்குறைய அதே அவசரம்தான் வருகிறது.

"இருக்கிறது ஒரு நாளைக்குத்தான் காணும்," என்றார். "இன்னைக்கே பாத்துருங்க. அவங்க போறேன்னு நிக்காங்க."

அவர்கள் என்பது பையனின் தாய் செல்வியும், தகப்பனின் அக்காவும். செல்வி அவரை மதினி என்று கூப்பிட்டாள். அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு மதினி என்றே பெயராகிவிட்டது. வராந்தாவில் பையனின் விரலை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது மதினி என்னிடம் கேஸைத் தானே விளக்கினார்.

"எத்தன ஊசி போட்டாலும் நிக்காது ஸிஸ்டர். இவ அம்மை வீட்டுல ஆம்பளப் புள்ள தங்காது. இவகூடப் பொறந்தவனுவ ரெண்டு பேரும் இப்படிக் கட்டி வந்துதான் போனானுவ. அத மறச்சு எங்க தம்பி தலையில கட்டிட்டாவ. இன்னைக்கு என்னன்னு சொல்லலைன்னா நாங்க பொழுதடையதுக்குள்ள ஊருக்குப் போயிருவோம். நாலு வருசம் அலஞ்சாச்சு."

செல்வி பையனின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பையன்தான், "பைய குத்து, வலிக்கும்" என்று எனக்கு உத்தரவு போட்டான்.

இசக்கி அண்ணாச்சி வழக்கம்போலக் குரல் கொடுத்தார். மதினி, "எனக்குச் சுகர் இருக்கு" என்று முந்தானையால் கையை மூடிக்கொண்டார். செல்வி கையை நீட்டினாள்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்திரம் இதைச் செய்யாது. கண்ணாடி வில்லையில் இரண்டு சொட்டு ரத்தம். அடியில் ஈரப் பஞ்சு வைத்த மூடிய தட்டில் வில்லையை வைத்து, உடல் சூட்டில் இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் வெள்ளையணுக்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பணுக்கள் பிடிக்காது. உப்புநீரை ஓரத்திலிருந்து ஓடவிட்டுச் சிவப்பைக் கழுவ வேண்டும். நேராக ஊற்றினால் வெள்ளையும் போய்விடும். பிறகு மஞ்சள் சாயமும் உசுப்பு மருந்தும் கலந்து ஊற்றி மறுபடி அதே சூட்டில் இருபது நிமிஷம். கழுவி, மெத்தனாலில் நிறுத்தி, உட்கரு தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் ஒரு நிமிஷம். அன்று நடுவில் கரண்ட் போனது. சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரின் கதவைத் திறக்காமல் அதன் முன்னாலேயே நின்றேன்; சூட்டைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை, பார்க்கத் திறந்தால் அது போய்விடும். ஏழு நிமிஷத்தில் கரண்ட் வந்தது. வெப்பமானி அரை டிகிரிதான் இறங்கியிருந்தது. குறித்துக்கொண்டேன்.

பையனின் ஸ்லைடு: நூறு எண்ணினேன். கறுத்தது ஒன்றுகூட இல்லை.

தாயின் ஸ்லைடு: நூறில் கறுத்தது நாற்பத்தாறு.

சார் வந்து உட்கார்ந்தார். கைக்கடிகாரம், கைக்குட்டை. தாயின் ஸ்லைடில் பத்து எண்ணினார்.

"அஞ்சு புடிச்சிருக்கு, அஞ்சு புடிக்கல. கண்ட்ரோலே பாதிதான் வேலை செய்யுது. சாயம் கெட்டுப்போச்சும்மா."

"கரண்ட் போனது ஏழு நிமிஷம்தான் சார். சூடு இறங்கல."

"சூட்டப் பத்தி யார் கேட்டா? பிளாஸ்க்குல வச்சு பஸ்ஸுல கொண்டாந்த சாயம் கெடாம என்ன செய்யும்? புதுசு வரட்டும். ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லு." ரிஜிஸ்டரை இழுத்து, செல்வியின் பெயருக்கு நேரே, 'சாயம் கெட்டது, பரிசோதனை செல்லாது' என்று மையில் எழுதினார். அவர் எழுத்து அழகாக இருக்கும். பொய் சொல்கிறோம் என்று தெரியாதவர்களின் எழுத்து பெரும்பாலும் அழகாக இருக்கிறது.

அவர் சாப்பிடப் போன பிறகு நான் மறுபடி குனிந்தேன். கழுத்து தேய்ந்த கதையில் அன்றைக்கும் ஒரு பங்கு உண்டு. பாதி கறுப்பதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று சிகரெட் அட்டை அளவில் கிழித்த ஒரு தாளில் எழுதினேன். சாயம் கெட்டிருந்தால் எல்லா அணுவும் வெளிறிய சாம்பலாக இருக்கும். சூடு போதாவிட்டாலும் அப்படியே. கழுவினதில் கோளாறு என்றால் ஓரம் ஒருவிதமாகவும் நடு ஒருவிதமாகவும் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. முழுக் கறுப்பாக ஒன்று. அதன் தோளில் தோள் ஒட்டி, துளிகூடச் சாயம் இல்லாமல் இன்னொன்று. நடுத்தரமே கிடையாது. ஒரே சொட்டு, ஒரே சூடு. ஒரே தாய்க்குள் இரண்டு வகை அணு.

அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. சாயம் நல்ல சாயம் என்பது மட்டும் தெரிந்தது. மிச்சமிருந்த சாயம் ஒரு வில்லைக்குக் காணும். விதி என்னவானாலும் ஆகட்டும் என்று என் விரலைக் குத்திக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, நூறில் தொண்ணூற்றெட்டு கறுத்திருந்தது. மூன்று ஸ்லைடையும் தட்டில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். டாக்டரம்மா வார்டின் மைக்ரோஸ்கோப்பில் தாயுடையதை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"கண்ட்ரோலுக்கு யாரு ரத்தம் எடுத்தீங்க?"

"பையனோட அம்மா ரத்தம்."

"அம்மாவா! யாராவது அம்மாவைக் கண்ட்ரோலா எடுப்பாங்களா?"

"இங்க எப்பவும் அப்படித்தான் டாக்டர்."

அவர் சிரித்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல ஆய்வகமா இருந்தா இது இன்னைக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார்.

அவர் விளக்கியது இது. அந்த நாற்காலியைச் செய்யும் விவரம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது பழுது என்றால் எல்லா அணுவும் பழுது. பெண்ணுக்கு இரண்டு. ஒவ்வொரு அணுவும் இரண்டில் ஒன்றை மூடிவைத்துவிட்டு மற்றதை வைத்து வேலை பார்க்கும். ஒரு எக்ஸ் பழுதான பெண்ணுக்குப் பாதி அணு வேலை செய்யும், பாதி செய்யாது. அவளுக்கு நோய் வராது. அவளுடைய ஆண் பிள்ளைகளில் சிலருக்கு வரும். செல்வியின் தம்பிகளுக்கும் வந்திருக்கலாம்.

வராந்தாவில் ஒருத்தர் நாலு வருஷமாகக் கட்டணம் இல்லாமல் சொல்லிவந்த நோயறிதலைத்தான் நாங்கள் மூன்று ஸ்லைடும் ஒரு பிளாஸ்க்கும் செலவழித்து உறுதி செய்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோபமாக வந்தது. மதினி சொன்னது தவறாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"ரிப்போர்ட்ல அம்மாவப் பத்தி எழுதினா அந்தப் பொண்ண வீட்டை விட்டே அனுப்பிருவாங்க டாக்டர்," என்றேன்.

"எழுதாட்டி நோய் இருக்கிறதையே உங்க சார் ஒத்துக்க மாட்டார். செல்லாதுன்னு எழுதிட்டார்ல?"

கீழே வந்தேன். சார் கிளம்பக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கொடுத்த புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து வைத்து, என் ஸ்லைடையும் பையனின் ஸ்லைடையும் நீட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். அரைப் பக்கத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் எனக்கு எரிச்சல்; புரியாத மனுஷன் என்றால் மன்னித்திருக்கலாம்.

"உன் ரத்தத்த நீயே எண்ணுனியாக்கும்."

"ஆமா சார்."

உட்கார்ந்தார். என் ஸ்லைடை எண்ணத் தொடங்கினார். பத்தில் நிற்கவில்லை. முப்பத்தெட்டு வரை போனார். என் பதினோரு வருஷத்தில் நான் பார்த்த சாதனை அது.

"சரிம்மா. அப்ப அந்தப் பொம்பளைக்கு நேர நான் எழுதுனத என்ன செய்ய? மையில எழுதிட்டேன். அடிச்சுத் திருத்துனா ஆய்வுக்கு வாரவன் கேப்பான்."

"அது அப்படியே இருக்கட்டும் சார். கீழ புது வரி போட்டுக்கலாம். கண்ட்ரோல், ஆய்வக ஊழியர். பையனோட முடிவு, நூறில் சைபர். அம்மாவப் பத்தி ரிப்போர்ட்ல ஒண்ணும் வேண்டாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டியல் போட்டே உயிரை எடுக்கிறவள் ஒரு பொய்யை விட்டுவைக்கச் சொல்கிறாளே என்று யோசித்திருப்பார். ஆனால் தன் கௌரவத்துக்குப் பழுதில்லாத ஏற்பாட்டைச் சார் ஒருநாளும் குடைந்து கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டார். அந்தப் பொய் இன்றைக்கும் அந்த ரிஜிஸ்டரில் அழகான எழுத்தில் இருக்கிறது. இருக்கட்டும் என்று சொன்னவள் நான்.

எனக்கு அன்று என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம். பையனுக்கு நோயின் பெயர் கிடைத்தது, சாருக்கு மானம் கிடைத்தது, செல்விக்குக் காவல் கிடைத்தது. மூன்றையும் மனதுக்குள் டிக் அடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மருந்துச் சீட்டைக் கொடுத்து மதினியை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, செல்வியை மட்டும் அறைக்குள் அழைத்தோம்.

டாக்டரம்மா நேராகச் சொன்னார். இந்த நோய் போகாது. ஆனால் கட்டிப்போட்டு வைக்கலாம். தினம் அரை மாத்திரை, ஒரு நாள் விடாமல், உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும். மாத்திரையை விட்டால் கட்டி திரும்பும். ஒருமுறை திரும்புவது இவன் உடம்பு தாங்காத இடத்தில் திரும்பலாம். பிறகு, இது எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னார்.

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "எங்க தம்பியளுக்கும் இதானா?" என்றாள்.

"இருக்கலாம்மா. இப்ப நிச்சயமாச் சொல்ல வழியில்ல."

"எங்க அம்மை அவனுவளுக்குக் கண்ணு பட்டுட்டுன்னு கடைசி வரைக்கும் சுத்திப் போட்டுக்கிட்டே இருந்தா." என் பக்கம் திரும்பினாள். "எனக்கு மட்டும் ஏன் கட்டி வரல?"

"உங்க அணுவுல பாதி நல்லா வேலை செய்யுது," என்றேன். "பாதியே போதும்."

அவள் தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டாள். நான் குத்திய இடம். நான் என் நல்ல செய்தியை எடுத்து நீட்டினேன். "ரிப்போர்ட்ல உங்களப் பத்தி ஒண்ணும் எழுதல. மதினிக்குத் தெரிய வேண்டாம். நாங்களும் சொல்ல மாட்டோம்."

அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை, கணக்குத் தப்பாகச் சொன்ன கடைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"விடியமுன்ன நான் வாழத் தோட்டத்துக்குப் போயிருவேன், எம்மா. இவன் எந்திரிக்கப்ப வீட்டுல இருக்கது மதினிதான். சோறு குடுக்கது அவிய, மாத்திர குடுக்கதும் அவியதான். புள்ள ஓடியாடித் திரியான், இன்னும் எதுக்கு மாத்திரன்னு ரெண்டாம் மாசம் நிறுத்திப்புடுவாவ. எதுக்குன்னு தெரியாம எத்தன நாளைக்குக் குடுப்பாவ?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் என் தட்டைப் பார்த்தேன். ஆறு வகைச் சாயத்துக்கு வரிசை போடத் தெரிந்த எனக்கு, மாத்திரை யார் கையிலிருந்து யார் வாய்க்குப் போகப்போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இவர்கள் வீட்டில் நான் காத்துக் கொடுத்த ரகசியம் ரெண்டு மாசத்தில் பையனைக் கொன்றிருக்கும்.

மதினி கையில் மருந்துப் புட்டியும் இடுப்பில் பையனுமாக வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். செல்வி எழுந்து வெளியே போனாள். நாங்கள் கதவருகே நின்றோம்.

"என்னட்டி சொல்லுதாவ?"

"நீங்க சொன்னதுதான் மதினி. எங்கிட்டருந்துதான் வந்திருக்கு. எங்க தம்பியளுக்கும் இதாத்தான் இருக்குமாம். எனக்கு ஒண்ணும் செய்யாதாம், பெத்த ஆம்பளப் புள்ளைக்கு வருமாம். தினம் அரை மாத்திர குடுத்தா கட்டி வராம வச்சிருக்கலாமாம். ஒரு நாள் விட்டாலும் கூடாதாம்."

நான் மதினியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு வருஷமாகக் கேட்ட வழக்கில் தீர்ப்பு முழுக்க அவர் பக்கம். எதிராளியே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இடுப்பில் இருந்த பையனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். பிறகு செல்வியைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"காலையிலயா, ராத்திரியா?"

"காலையில," என்றேன். "சாப்பிட்டதும்."

"அரை மாத்திரன்னா, பொடிச்சா, முழுங்கவா?"

"பொடிச்சுத் தேன்ல குடுக்கலாம்."

"தேனுக்கு எங்க போவ?" என்று என்னைத் திட்டினார். "கருப்பட்டித் தண்ணியில குடுக்கேன்."

முத்துக்குமார் அதற்குப் பிறகு இரண்டு முறை வந்து படுத்தான். ஒன்று நெறி, ஒன்று நெஞ்சுச் சளி. இரண்டு தடவையும் காய்ச்சல் வந்த அன்றே தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதனால் கீறாமலே போயிற்று. நான் வேலையை விட்டபோது அவன் மூன்றாம் வகுப்பில் சுமாராகப் படித்துக்கொண்டிருந்தான். வருஷா வருஷம் ரத்தம் பார்க்க அவனைக் கூட்டிவருவது மதினி. வரும்போது பழைய தினசரிக் காலண்டரின் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவருவார். மாத்திரை கொடுத்த ஒவ்வொரு நாள் தாளிலும் மூலையில் ஒரு கோடு. ஒரு வருஷக் கட்டை நான் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். கோடு இல்லாத தாள் இரண்டு. ஒன்றில் 'மழை, பஸ் இல்ல, மாத்திர தீந்துட்டு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'எனக்குக் காச்ச' என்று மட்டும்.

கடைசியாக ஒருமுறை செல்வியும் கூட வந்திருந்தாள். மதினி பையனைப் பிடித்துக்கொண்டு எடை பார்க்கிற இடத்தில் வரிசையில் நின்றபோது, நான் மெதுவாகக் கேட்டேன். "மதினி இப்பவும் உங்க அம்மை வீட்டப் பத்திப் பேசுதாவளா?"

"பேசாம? தெனமும் பேசுதாவ," என்றாள் செல்வி. "மாத்திரையக் குடுத்துட்டுப் பேசுதாவ."